கைபேசியும் நம் குழந்தையும்: கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு



ஜவளகிரிப் பக்கத்தில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் கம்பெனிக்கு முதல் ஷிப்டு போகிறவர் இருட்டோடு கிளம்பிவிடுவார். வீட்டுக்காரம்மாவுக்கு மாடு கறக்கணும், தண்ணீர் பிடிக்கணும், களி கிண்டணும், பிறகு கொல்லைக்கு ஓடணும். இதற்கிடையே மூன்று வயதுக் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. "இந்தா, கொஞ்ச நேரம் இதைப் பாரு" என்று செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அழுகை நிற்கிறது, வேலையும் நடக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் "கொஞ்ச நேரம்" ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று என்றாவது கணக்குப் பார்த்தீர்களா?

போன் எப்படிக் குழந்தை கைக்கு வந்தது?

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த நாட்களில் பல வீடுகளில் கடன் வாங்கியாவது பாடத்துக்கென்று போன் வாங்கினார்கள். பள்ளி திறந்தது, பிள்ளை பள்ளிக்குப் போனது, போன் மட்டும் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. அண்ணனைப் பார்த்துத் தம்பியும் பழகிக்கொண்டான்.

பேச்சு எங்கிருந்து வருகிறது?

சில வருடங்களுக்கு முன் வீடு வீடாகப் போனபோது, ஒரு தாய் தன் இரண்டரை வயதுப் பையனைக் காட்டினார். விரலால் தள்ளித் தள்ளித் தனக்கு வேண்டிய படத்தைத் தானே எடுத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் பாட்டி. "எங்க வீட்டுல தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் பேசறோம், அதனால குழம்பிட்டானோ?" என்றார் தாய்.

மூன்று மொழி பேசுவதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகாது. மூன்றையும் அது கற்கும். ஆனால் மனிதரிடமிருந்துதான் நன்றாகக் கற்கும். அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுபவர் எதிரே உட்கார்ந்து, 12 முறை பேசி விளையாடினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை கற்கவில்லை. போன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாது. தாயும் தந்தையும் பாட்டியும் சொல்லும் பதிலில்தான் பேச்சு வளர்கிறது.

அந்தப் பையனுக்குக் காது சோதனை செய்தார்கள். கேள்வியில் குறை இல்லை. போனை நிறுத்தி, எல்லோரும் அவனோடு பேச ஆரம்பித்த சில மாதங்களில் வார்த்தைகள் வந்தன. எல்லாக் குழந்தைக்கும் இப்படியே ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காது கேளாமை, ஆட்டிசம் போன்ற காரணங்களும் இருக்கலாம். ஆகவே, ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்பாத குழந்தையையும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையையும் காத்திருக்காமல் காட்ட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடமும் காட்டலாம்.

கண்ணுக்கு என்ன ஆகிறது?

போனை முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்ப்பதும், வெயில் வெளிச்சத்தில் விளையாடாமல் இருப்பதும் கிட்டப்பார்வைக்கு வழி செய்கின்றன. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் 6, 7 வயதுப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியாயிற்று. மூன்று வருடத்தில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 100க்கு சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விளையாடியவர்களில் சுமார் 30 பேருக்குத்தான் வந்தது. நமக்கு வெளிச்சத்துக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: ராகி விளையும் காலத்தில் யானை இறங்கும். ஆகவே பிள்ளைகள் பகலிலேயே விளையாடிவிட்டு இருட்டும் முன் வீடு திரும்பட்டும்.

எந்த வயதில் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019இலும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதன் பிறகும் கூறியுள்ள அளவு இது:

இரண்டு வயது முடியும் வரை போன், டி.வி. வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவிடம் எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவது பரவாயில்லை.
2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.
5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். தூக்கம், விளையாட்டு, படிப்பு, சாப்பாடு எதையும் இது பறிக்கக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கணவனும் மனைவியும் ஒரே சொல்லாக இருங்கள். அம்மா மறுத்ததை அப்பா கொடுத்தால் குழந்தை அப்பாவிடம் போகும். இருவரும் மறுத்தால் பாட்டியிடம் போகும். பாட்டிக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

சாப்பிடும்போது போன் வேண்டாம். படம் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குத் தன் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை ஓர் உயரமான மாடத்தில் வைத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

சார்ஜில் இருக்கும் போனைக் குழந்தை தொடக் கூடாது.

ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து, அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். ராகி புடைக்கும் இடத்தில் ஒரு சின்ன முறம், கன்றுக்குப் புல், பாட்டியின் கதை. இரண்டு மூன்று நாள் அழும். அந்த அழுகைக்குப் பயந்து மறுபடி கொடுத்துவிடாதீர்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. ஷிப்டு முடிந்து வரும் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆனால், "ஏங்க, நீங்களே போனை வெச்சிக்கிட்டு உக்காந்தா புள்ள எப்படிங்க கேக்கும்?" என்று மனைவி கேட்டால் அதில் நியாயம் உண்டு. வந்ததும் அரை மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்றும் பார்க்கிறோம். கைக்குழந்தை வந்ததும் மூத்த குழந்தையின் கைக்குப் போன் போகிறது. மூத்ததுக்கும் மடி வேண்டிய வயது அது. இரு பிரசவங்களுக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்குத் தாயின் உடல்நலத்தோடு இதுவும் ஒரு காரணம்.

பணமும் அந்நியரும்

பெரிய பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து அழுத்துவதில் வங்கிப் பணம் போய்விடலாம். ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள். முகம் தெரியாதவர் படம் கேட்டாலோ மிரட்டினாலோ 1098க்கு அழைக்கலாம். பிள்ளையை அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த முறை சொல்லாது.

பள்ளியில் பேசுங்கள்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வீட்டுப்பாடத்துக்குப் போன் அவசியமா, ஆசிரியர் செய்தியைப் பெற்றோர் மட்டும் பார்த்தால் போதாதா என்று கேளுங்கள். ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவே சேர்ந்து நிறுத்தினால் விளையாட நாலு பேர் கிடைப்பார்கள்.

போன் நமக்கு வேண்டியதுதான். யானை வந்த செய்திக்கும், ஆம்புலன்ஸ் கூப்பிடவும், ஷிப்டுக்குப் போனவரிடம் பேசவும் அது வேண்டும். அது பெரியவர் கையில் இருக்கட்டும். குழந்தை நம் மடியில் இருக்கட்டும்.

இன்றிரவு சாப்பிட்ட பிறகு, கணவனும் மனைவியும் உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.