கடினப்படுத்திய எஃகில் குழி துருவுதல்

எஃகுத் தகட்டில் நாற்புறமும் சுவர் சூழக் குடைந்தெடுக்கும் பள்ளத்தைப் பட்டறையினர் ‘பாக்கெட்’ என்பர். இவ்வுரையில் அதனைக் குழி என்றே வழங்குவோம். சுழலும் பல்வெட்டியால் உலோகத்தைச் சீவியெடுப்பதற்குத் துருவல் என்னும் சொல் தமிழில் உண்டு. தேங்காய் துருவியவர்க்கு அச்சொல்லின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயின் தேங்காய்ப் பருப்பு மென்மையானது. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பல்லுக்கே நிகரான கடினமுடையது.

டி2 எனப்படும் கருவி எஃகில் ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியமும் 1.5 விழுக்காடு கரிமமும் உள்ளன. கடினப்படுத்தியபின் அது ராக்வெல் சி அளவையில் 60ஐ ஒட்டி நிற்கும். அதிவேக எஃகால் ஆன வெட்டுளியின் கடினமோ 65ஐ ஒட்டியதே. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டு வெட்ட இயலாது. ஆகவே டங்ஸ்டன் கார்பைடு வெட்டுளியே வேண்டும். 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் அப்பொருளை ‘விடியா’, அதாவது ‘வைரம்போல்’, என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. மிகக் கடினமாயினும் அது எளிதில் நொறுங்கும். அதிர்வு அதற்குப் பகை.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. பல டன் எடையுள்ள தொழிற்சாலை இயந்திரம் அதிர்வைத் தன் உடலில் அடக்கிக்கொள்ளும். பயிற்சிக்கூடத்து மேசைமேல் அமரும் இலகு சிஎன்சி இயந்திரமோ வெட்டுவிசை ஏறினால் வளைந்துகொடுக்கும். வெட்டுளி அலறத் தொடங்கியதும் மாணவர் ஊட்டத்தைக் குறைப்பார். இயல்பான எச்சரிக்கையே எனினும் இதுவே பல வெட்டுளிகளைக் கொன்றுவிடுகிறது. சீவலின் தடிப்பு பல்விளிம்பின் நுண்வளைவை விடக் குறைந்துவிட்டால், பல் உலோகத்துள் புகாமல் அதன்மேல் உராயும். வெப்பம் பெருகும், விளிம்பு மழுங்கும், மழுங்கிய விளிம்பு மேலும் உராயும்.

குறைக்க வேண்டியது ஊட்டத்தை அன்று, பக்கவாட்டு வெட்டகலத்தை. 6 மி.மீ. விட்டமுள்ள வெட்டுளி ஒவ்வொரு சுற்றுப்பாதையிலும் பக்கவாட்டில் 0.3 மி.மீ. மட்டுமே உண்ணட்டும். அப்போது ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ 26 பாகைக் கோணத்திற்கே உலோகத்தோடு தொடர்புகொள்ளும். முழு அகலக் காடி வெட்டும்போது அது 180 பாகை. பல்லொன்றுக்கு 0.04 மி.மீ. ஊட்டம் கொடுத்தாலும் சீவலின் உச்சத் தடிப்பு ஏறத்தாழ 0.017 மி.மீ. மட்டுமே. எனவே ஊட்டத்தை அஞ்சாமல் உயர்த்தலாம். இயந்திரம் தாங்கும் அளவிற்கு ஆழத்தையும் கூட்டலாம். நான்கு பல் வெட்டுளியை நிமிடத்திற்கு 50 மீட்டர் வெட்டுவேகத்தில், அதாவது சுமார் 2650 சுற்றுகளில், ஓட்டினால் மேசை நிமிடத்திற்கு 424 மி.மீ. நகரும். மரம் செதுக்கும் இயந்திரங்களின் 24,000 சுற்று இங்கு உதவாது. அது வெட்டுவேகத்தை 450 மீட்டருக்கு மேல் ஏற்றி விளிம்பை எரித்துவிடும்.

நேர்ச்சுவரில் ஒழுங்காக ஓடிய வெட்டுளி மூலையில் முறிவது ஏன்? குழியின் மூலை ஆரமும் வெட்டுளியின் ஆரமும் ஒன்றாயிருந்தால், மூலையை எட்டியதும் இரு சுவர்களும் ஒருங்கே அதனைத் தழுவுகின்றன. 26 பாகையாயிருந்த தொடர்பு 116 பாகையை எட்டுகிறது. நிரலில் எழுதிய எண் எதுவும் மாறவில்லை. சுமை மட்டும் பன்மடங்காகிறது. மூலை ஆரத்தைவிடச் சிறிய ஆரமுள்ள வெட்டுளியைத் தேர்ந்து, சிறுவட்டங்களாகச் சுழன்று முன்னேறும் பாதையை வகுப்பதே இதற்குத் தீர்வு. ஆயினும் வெட்டுளியை மிகச் சிறியதாக்கிவிடலாகாது. விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்காகும். பிடியிலிருந்து நீளும் பகுதி இரட்டித்தால் எட்டு மடங்காகும். ஆகவே வெட்டுளியைத் தேவைக்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே நீட்டக்கூடாது.

குழியில் இறங்கும்போதும் செங்குத்தாகக் குத்தக்கூடாது. சுழலும் வெட்டுளியின் நடுப்புள்ளிக்கு வேகமே இல்லை. திருகுப்படிபோல், ஒரு பாகை அளவு சரிவில் வட்டமிட்டு இறங்க வேண்டும். குழிக்குள் தங்கும் சீவல்கள் மீண்டும் பல்லில் சிக்கினால் அதனை உடைத்துவிடும். அவற்றை அழுத்தக் காற்றால் இடைவிடாது வெளியேற்றுக. காய்ந்த பல்லின்மேல் விட்டுவிட்டுக் குளிர்விப்பு நீர்மம் பட்டால் கார்பைடில் விரிசல் உண்டாகலாம்.

வாய்ப்பிருப்பின் எஃகைக் கடினப்படுத்துமுன்பே குழியின் பெரும்பகுதியைக் குடைந்துவிடுவது நல்லது. வெப்பப் பதனத்தில் தகடு சற்றே கோணக்கூடும் என்பதால், சுவரில் மெல்லிய மிகுதியை விட்டுவைத்துப் பிறகு சீர்செய்யலாம். உள்மூலை கூர்மையாகவே அமைய வேண்டுமெனில், வட்டமாய்ச் சுழலும் எந்த வெட்டுளியாலும் அது கைகூடாது. அவ்வேலையை மின்பொறி அரிப்பு இயந்திரத்திற்கே விட்டுவிட வேண்டும்.