டர்போ பெட்ரோல் இன்ஜினை நம்பி வாங்கலாமா?

பழைய கார் பத்திப் பேசினாலே கடைசியில ஒரே கேள்விதான் வருது: "டர்போ பெட்ரோல் எடுக்கலாமா, இல்ல பின்னாடி செலவு வைக்குமா?" இன்னிக்கு அதை மட்டும் எடுத்துக்குவோம்.

முதல்ல டர்போ என்ன பண்ணுதுன்னு சுருக்கமா. சாதா இன்ஜின் காற்றைத் தானா இழுத்துக்கும். டர்போ இன்ஜினுக்குள்ள காற்றைத் திணிக்கிறோம். வெளியே வீணாப் போற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்துது. அதே தண்டோட மறுமுனையில இருக்கிற இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி உள்ளே அனுப்புது. காற்று அதிகம், அதுக்கேத்த பெட்ரோல் அதிகம், சக்தி அதிகம். மாருதி ஃப்ராங்ஸையே பாருங்க. 1.2 லிட்டர் சாதா இன்ஜினோட டார்க் 113 நியூட்டன் மீட்டர். அதைவிடச் சின்ன 1 லிட்டர் டர்போ கிட்டத்தட்ட 148 கொடுக்குது. மேம்பாலம் ஏறும்போது அந்த வித்தியாசம் கால்லயே தெரியும்.

இதுக்கு விலை என்னன்னா சூடும் வேகமும். அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிப் போகும். அதுல மோதுற புகை, முழு லோடுல 900 டிகிரிக்கும் மேல. பெரும்பாலான கார் டர்போக்கள்ல அந்தத் தண்டு பால் பேரிங்ல உட்காரல. மெல்லிசான ஆயில் படலத்து மேல மிதக்குது. அந்த ஆயில் கெட்டியாகி, அழுக்காகி, அளவு குறைஞ்சா முதல்ல அடி வாங்குறது டர்போதான். "டர்போ போயிடுச்சு"ன்னு சொல்ற கேஸ்கள்ல நிறைய, உண்மையில ஆயில் போன கேஸ்.

அதனால ஆயில் விஷயத்துல கொஞ்ச நேரம் நிற்போம். மேனுவல்ல "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம்"னு இருக்கும். அந்தக் கிலோமீட்டர் கணக்கு நம்ம ஊர் டிராஃபிக்ல ஏமாத்தும். ஹைவேல சராசரி 50-ல போனா 10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடுறது 200 மணி நேரம். வேளச்சேரியிலிருந்து கிண்டி வழியா தினமும் 15 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்தா, அதே தூரத்துக்கு 660 மணி நேரத்துக்கு மேல! மீட்டர் ஒண்ணுதான் காட்டும், ஆயில் உழைச்சது மூணு மடங்கு. மேனுவல்லயே "கடினமான உபயோகம்"னு தனியா ஒரு அட்டவணை இருக்கும், யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புறதில்லை. சிட்டிக்குள்ளயே ஓடுற வண்டின்னா 5,000-லிருந்து 7,500-க்குள்ள மாத்திடுங்கன்னுதான் நான் சொல்வேன். சும்மா 3 கிலோமீட்டர் போய் நிறுத்துற வண்டிக்கும் இதேதான். இன்ஜின் முழுசா சூடாகாததால பெட்ரோல் ஆயில்ல கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும்.

எந்த ஆயில்ங்கிறதும் முக்கியம். குறைஞ்ச ஆர்.பி.எம்.ல ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா, சின்ன டர்போ இன்ஜின்கள்ல ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கிற பிரச்சினை ஒண்ணு உண்டு. எல்.எஸ்.பி.ஐ.ன்னு சொல்வாங்க. ஒரே அடியில பிஸ்டன் உடையற அளவுக்கு அழுத்தம் வரலாம். ஆயில்ல சேர்க்கிற கால்சியம் கலந்த டிடர்ஜென்ட் இதைத் தூண்டுதுன்னு தெரிஞ்ச பிறகுதான், 2018-ல ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020-ல எஸ்.பி.ன்னு புதுத் தரங்கள் வந்துச்சு. "5டபிள்யூ-30 தானே, எதா இருந்தா என்ன"ன்னு கடையில இருக்கிற பழைய ஸ்டாக்கை ஊத்த விடாதீங்க. டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க. ஓட்டும்போதும், அஞ்சாவது கியர்ல 1,500 ஆர்.பி.எம்.ல வச்சு அழுத்தாம ஒரு கியர் இறக்கிட்டு மிதிங்க.

நிறுத்தும்போது ஐடில்ல விடணுமான்னு கேட்பீங்க. திண்டிவனம் தாண்டி வேகமா வந்து நேரா காபிக்கு நிறுத்தினா, ஒரு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. இல்லைன்னா டர்போவுக்குள்ள நிக்கிற ஆயில் கருகிப் படியும். சிட்டியில தேவையில்லை, கடைசித் தெருவுல மெதுவா வர்றதே போதும். இப்போ வர்ற பல வண்டிகள்ல ஆஃப் பண்ணின பிறகும் ஃபேனோ தண்ணி பம்போ கொஞ்ச நேரம் ஓடும். அது கோளாறு இல்லை, பேட்டரியைக் கழட்டிடாதீங்க.

டைரக்ட் இன்ஜெக்ஷன் இருந்தா இன்னொரு தலைவலி. பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள தெளிக்கிறதால இன்டேக் வால்வைக் கழுவ யாரும் இல்லை, கார்பன் படியும். காலையில ஸ்டார்ட் பண்ணா நடுங்கும், இழுவை குறையும். டேங்க்ல ஊத்துற கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது, காசு தண்டம். மேனிஃபோல்டைக் கழட்டி, வால்நட் ஓட்டுத் தூளை வேகமா அடிச்சுச் சுத்தம் பண்றதுதான் வழி. எல்லா டர்போவும் இப்படி இல்லை. டாடா நெக்ஸான்ல வர்ற 1.2 பெட்ரோல் பழைய முறைப்படி வால்வுக்கு வெளியே தெளிக்கிறதால இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

டிசைன்லயே சிக்கல் இருந்தா நம்ம பராமரிப்பு எவ்வளவு தூரம் காப்பாத்தும்? ஃபோர்டு 1 லிட்டர் ஈகோபூஸ்ட் நல்ல உதாரணம். 2012-லிருந்து தொடர்ந்து மூணு வருஷம் உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கினது. நம்ம ஈகோஸ்போர்ட்லயும் வந்துச்சு. அதோட ஆரம்ப வடிவத்துல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடும். தப்பான ஆயில், தள்ளிப்போட்ட சர்வீஸ்னு போனா ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சுற சல்லடையை அடைக்கும். அப்புறம் ஃபோர்டே டைமிங்குக்குச் செயின் கொண்டு வந்தது. ஆயில் பம்ப்பை ஓட்டுற பெல்ட் பகுதியில வந்த கோளாறுக்காக, 2023-ல அமெரிக்காவுல சுமார் 1.4 லட்சம் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. பெல்ட் ஆயிலுக்குள்ள இருக்கிற பழைய வண்டி பார்க்கிறீங்கன்னா, பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கிட்டு விலை பேசுங்க.

ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, 60,000 ஓடின ஒரு 1 லிட்டர் டர்போ. செம்மயா இழுக்குது. லோன் போட்டுத்தான் எடுக்கணும். அப்பா டர்போவே வேணாம்ங்கறார்." தம்பி, இழுக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, சாகப்போற டர்போ கூட நல்லா இழுக்கும். சர்வீஸ் புக்குல தேதியைப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு ஆயில் சேஞ்ச் கூட இல்லாத இடைவெளி இருந்தா அப்பா சொல்றதைக் கேளுங்க. பதிவு ஒழுங்கா இருந்தா பயப்பட வேண்டாம், அடுத்த சோதனைக்குப் போங்க. காலையில, ஓனர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணாத வண்டியை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீலப் புகை வருதா, விசில் மாதிரி இல்லாம சைரன் மாதிரி ஊளைச் சத்தம் கேட்குதான்னு கவனிங்க. மெக்கானிக்கை வச்சு இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டிப் பாருங்க. உள்ளே லேசா ஆயில் ஈரம் இருந்தா சகஜம். சாய்ச்சா சொட்டுற அளவுக்கு இருந்தா, அட்வான்ஸ் கொடுக்காம வீட்டுக்கு வந்துடுங்க.