டி.வி.எஸ். 50 முதல் மின்சார ஸ்கூட்டர் வரை... வண்டி செய்யும் மாவட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் போச்சம்பள்ளி!

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே போச்சம்பள்ளிக்குள் வண்டிகள் நுழையத் தொடங்கிவிடும். வாரச்சந்தை நாள். ஆடுகளும் கோழிக் கூண்டுகளும் காய்கறி மூட்டைகளும் 'குட்டி யானை'யில் வந்து இறங்கும். டவுன் பஸ்ஸின் படிக்கட்டோரம் கூடைகள் அடைத்துக்கொண்டிருக்கும். இந்த நெரிசலுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வருவது மொபெட்தான். கால் வைக்கும் இடத்தில் ஒரு ஆடு, பின் சீட்டில் மனைவி, ஹேண்டிலில் இரண்டு பைகள். ஒரு குடும்பத்தின் பஸ், லாரி, கார் எல்லாமே அந்த ஒரு வண்டிதான்.

அந்த மொபெட்டுக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரிலிருந்துதான். அதே ஆண்டில் அசோக் லேலண்டும் ஓசூரில் ஆலை தொடங்கியது. 40 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், மின்சார ஸ்கூட்டர் ஆலைக்காக ஓலா நிறுவனம் தமிழக அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஆலைக்குத் தேர்வான இடம் போச்சம்பள்ளி சிப்காட். சுமார் 500 ஏக்கர். 2021 செப்டம்பரில், இந்த ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று அந்த நிறுவனம் அறிவித்தபோது, போச்சம்பள்ளி என்ற பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது.

மொபெட், லாரி, பஸ் சேஸிஸ், மின்சார ஸ்கூட்டர் என்று நாட்டுக்கே வண்டி செய்து அனுப்பும் மாவட்டம் இது. ஆனால், இந்த மாவட்டத்தின் தலைநகரில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை.

வந்த ரயில் போன கதை

ஒரு காலத்தில் இருந்தது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. அடுத்த ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. அடிக்கடி வறட்சியில் வாடிய பகுதி என்பதால், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று யோசித்துப் போட்ட பாதைகள் இவை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் இரண்டு பாதைகளும் மூடப்பட்டன. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். தருமபுரிக்கும் ஓசூருக்கும் பின்னாளில் சேலம் - பெங்களூரு பாதை வழியாக ரயில் திரும்ப வந்தது. அந்தப் பாதை ராயக்கோட்டை வழியாகப் போகிறது. கிருஷ்ணகிரி நகரைத் தொடவில்லை. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் நிலைமை மாறவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மேடை ஏறுகிறது, ஆய்வு என்கிறார்கள், அப்புறம் அடுத்த தேர்தல் வந்துவிடுகிறது. மொரப்பூர் - தருமபுரி இணைப்புக்காவது 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

போச்சம்பள்ளிக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமானால் ஒரு பக்கம் சாமல்பட்டிக்கும் இன்னொரு பக்கம் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். சாமல்பட்டி பக்கம்தான். ஆனால் சின்ன நிலையம், எல்லா ரயிலும் நிற்காது. ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் வேகமெடுத்துப் போகும் எக்ஸ்பிரஸ்கள் இந்த வட்டாரத்துக்குக் காட்டுவது பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும்தான்.

நான்கு நெடுஞ்சாலை, ஒரு ஆறு

ரயில் இல்லாத குறையைச் சாலைகள்தான் ஈடுகட்டின. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44, டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னைக்குப் போகும் 48, குப்பம் பக்கமிருந்து வரும் 42, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் 77. இந்த நான்கு தேசிய நெடுஞ்சாலைகளும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. தங்க நாற்கரச் சாலை வந்தபிறகு இந்த ஊரின் பொருளாதாரமே சாலையோரத்துக்கு நகர்ந்துவிட்டது எனலாம்.

ஆனால், இப்போது வரும் புதிய சாலைகளைப் பாருங்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை போகும் 844-ம் எண் சாலை, சேலம் - பெங்களூரு வாகனங்களுக்குக் கிருஷ்ணகிரியைத் தொடாத வழி. பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையோ ஹொஸ்கோட்டை, கோலார் தங்கவயல், சித்தூர், ராணிப்பேட்டை வழியாகப் போகிறது. அதுவும் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் விட்டுவிட்டது. சந்திப்பு என்பதாலேயே வளர்ந்த ஊரை, இரண்டு பக்கமும் சாலைகள் சுற்றிக்கொண்டு போகின்றன. நெரிசல் குறையும் என்று சந்தோஷப்படலாம். சாலையோரக் கடைக்காரர்களின் கணக்கு வேறாக இருக்கும்.

போச்சம்பள்ளி இந்தப் பெரிய சாலைகள் எதன் மீதும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, தருமபுரிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் இருக்கிறது. 77-ம் எண் சாலையைப் பிடிக்க மத்தூர் போக வேண்டும். தருமபுரி போவதானால் இருமத்தூரில் தென்பெண்ணையைத் தாண்ட வேண்டும்.

கர்நாடகத்தில் பிறந்து ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம் என்று வரும் தென்பெண்ணைதான் பாரூர் ஏரிக்கும் தண்ணீர் தருகிறது. பெரும்பாலான நாள் மெலிந்து கிடக்கும் ஆறு. மழை வந்தால் கதை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன வீடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். மாற்றாக ரயிலும் இல்லாத இடத்தில் சாலை மூழ்கினால், வீட்டில் இருப்பது ஒன்றுதான் வழி.

பஸ் வரும் வரை உள்ள தூரம்

இந்தப் பகுதியின் நிஜமான போக்குவரத்துச் சிக்கல் நெடுஞ்சாலையில் இல்லை. வீட்டு வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டரில் இருக்கிறது.

பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் பக்கத்து ஆலைகள் தொழிலாளர்களுக்கு நிறுவன பஸ் விடுகின்றன. இரவு ஷிஃப்டில் பெண்களை அமர்த்தினால் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்பது நிபந்தனையும்கூட. ஆனால், அந்த பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து அதிகாலையில் மெயின் ரோட்டுக்கு வர, அப்பாவோ அண்ணனோ மொபெட் எடுத்தாக வேண்டும். அவர்களும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால்? அந்தப் பெண் வேலைக்குப் போவதும் ஹாஸ்டலில் தங்குவதும் வீட்டோடு நின்றுவிடுவதும், சம்பளத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை.

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணம் இங்கே பெரிய ஆறுதல்தான். சந்தைக்குப் போகும் பாட்டி முதல் கல்லூரிப் பெண் வரை, கையில் காசு இல்லாமலே கிளம்ப முடிகிறது. ஆனால், அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸோ நினைத்த நேரத்துக்கு வராது. அவசரமாகப் போகிறவர்கள் இலவசத்தை விட்டுவிட்டு முதலில் வரும் வண்டியில் ஏறுகிறார்கள். மாநில எல்லையில் இன்னொரு விசித்திரம். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, அந்த மாநிலப் பெண்களுக்கு, அந்த மாநிலத்துக்குள். அத்திப்பள்ளியில் இரண்டு இலவசங்களும் முதுகைக் காட்டி நிற்கின்றன. எல்லை என்பது வெறும் கோடு அல்ல என்பதை 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தின்போது இந்த வட்டாரமே பார்த்தது. பஸ்கள் நின்றுபோக, மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தார்கள்.

பஸ் போகாத கிராமங்களுக்காகத்தான் 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. கூட்டம் வரும் ரோட்டையே நாடியதால் பல மினி பஸ்கள் உள் கிராமங்களைக் கைவிட்டன. 2025-ல் அரசு புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை பஸ் இல்லாத பகுதிகளுக்குத்தான் வழித்தடத்தில் பெரும் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஷிஃப்ட் நேரத்துக்கும் சந்தை நேரத்துக்கும் ஏற்ப அவை ஓடுமா என்பதைத்தான் மத்தூர், போச்சம்பள்ளி, பாரூர் பக்கத்துக் கிராமங்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிறு மாலை சந்தை கலையும். விற்காத ஆடு, வந்த மொபெட்டிலேயே ஊர் திரும்பும். அதே நேரத்தில், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். இங்கிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஓசூர், பெங்களூரு. திங்கள் காலை ஷிஃப்டுக்கு வண்டி மாறி வண்டி ஏறிப் போய்ச் சேர வேண்டும்.