ஊசி குத்துவதற்கு முன்னால் நடப்பவை

நம்ம பக்கம், அதாவது வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில், காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பலபேர் "மாத்திரைக்குக் கேக்காது சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றுதான் கேட்பார்கள். ஊசி வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். அந்த வேகம்தான் அதன் ஆபத்தும். தப்பான மாத்திரை என்று தெரிந்தால் துப்பிவிடலாம். உடம்புக்குள் ஏறிவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஊசியில் நேரும் பெரிய தவறுகளில் பல, குத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அவை எங்கெங்கே நடக்கின்றன என்று பார்க்கலாம்.

குப்பியும் கரைக்கும் நீரும்

தட்டம்மைத் தடுப்பூசி பொடியாக வரும். அதற்கென்றே தரப்படும் நீரில் கரைத்துத்தான் போடணும். 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில், அந்த நீருக்குப் பதிலாக அட்ராக்யூரியம் என்ற மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள். அறுவை சிகிச்சையின்போது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து அது. 15 குழந்தைகள் இறந்தார்கள்.

2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயெட்டாவில் இன்னொரு 15 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே நான்கு நாட்கள் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்தும் குளிரில் வைக்கப்படவில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் 2008 ஏப்ரலில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுவதைச் சில காலம் நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தே போட்டார்கள். பஸ் வராத ஊர்த் தாய்க்கு அது ஒருநாள் கூலி இழப்பு.

கரைத்த தட்டம்மை மருந்தில் கிருமியைத் தடுக்கும் பொருள் கிடையாது. அதனால்தான் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும், மீதியைக் கொட்டிவிடணும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. கரைத்த நேரத்தைக் குப்பி மேல் எழுதுவது அதற்காகத்தான்.

பேரைக் கேட்கும் விதம்

"நீங்க முனியாண்டிதானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பெரியவர் தலையை ஆட்டிவிடுவார். "உங்க பேரு என்னய்யா?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்கணும். ஒரே வார்டில் இரண்டு முனியாண்டி இருப்பது நம்ம ஊரில் அதிசயமா என்ன? அப்பா பெயரும் வயதும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மருந்தின் பெயரை மூன்று முறை படிக்கச் சொல்வார்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, குப்பியைக் கீழே வைக்கும்போது. பொட்டாசியம் குளோரைடும் வெறும் தண்ணீர் மருந்தும் பார்க்க ஒரே மாதிரி நிறமற்று இருக்கும். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதை சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றணும். தனியாகப் பூட்டி வைக்கணும்.

இன்சுலின்: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இது வீட்டிலேயே ஊசி போடுகிறவர்களுக்கும். நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

மாறிப் போனால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம். 40 வகைக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. தலைகீழாக, 100 வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 0.5 மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி உயிர் போகலாம். கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியையும் கையோடு கொண்டு போங்க.

குத்திய பிறகு

ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். தடுப்பூசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்குத்தான். மூச்சுத் திணறினால் முதல் மருந்து அட்ரினலின். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடணும். ஊசி போடும் அறையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது. நர்சுகளின் விரலில் ஊசி குத்துவது பல சமயம் அப்போதுதான். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

நோயாளியாகப் போகும் நமக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. "இது என்ன மருந்துங்க?", "சிரிஞ்சு புதுசுதானே, என் முன்னாடி பிரிங்க." இதைக் கேட்டால் நல்ல நர்ஸ் கோபப்பட மாட்டார். ஒரு வேலைநாளில் நூறு ஊசி போடும் கைக்கு இன்னொரு ஜோடிக் கண் உதவிதான்.