துண்டறிக்கையும் ஒலிபெருக்கி விமானமும்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில், கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. சுற்றிலும் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் காடு. 1948 முதல் 1960 வரை மலாயாவில் நிலவிய அவசரகாலத்தில் இத்தகைய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கும் அரசின் படைக்கும் இடையே வாழ்ந்தனர். ஒருவர் அரிசி கேட்டனர். மற்றவர், கொடுத்தது யார் என்று வினவினர்.

இன்று மலேசியத் தரைப்படை முகநூல் வாயிலாக மக்களோடு பேசுகிறது. அன்று அப்பணியைச் செய்தவை துண்டறிக்கை, வானொலி, நடமாடும் படக்காட்சி வண்டி, ஒலிபெருக்கி பூட்டிய விமானம் ஆகியவை. 1950இல் இதற்கான செய்திப் பிரிவை நடத்த பி.பி.சி.யிலிருந்து ஹ்யூ கார்ல்ட்டன் கிரீன் வந்தார். அவசரகாலம் முடிவதற்குள் வீசப்பட்ட அறிக்கைகள் ஏறத்தாழ 50 கோடி என்பர். சரணடைவோர்க்குரிய அனுமதிச் சீட்டுகளில் சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் இடம்பெற்றது. காட்டிலிருந்து வெளிவருபவர் முதலில் காண்பது படைத்தலைவரை அன்று, விடியலில் மரம் வெட்ட வந்த தொழிலாளரையாகவும் இருக்கலாம் அல்லவா?

மொழி சென்று சேர்ந்தது. நம்பிக்கை எளிதில் சேரவில்லை. 1949 செப்டம்பரில் ஆணையர் ஹென்றி கர்னி அறிவித்த சலுகை, கொலையில் பங்குகொண்டோரை விலக்கியது. துப்பாக்கி ஏந்திய எவர்தாம் அச்சொல்லை நம்பி வெளிவருவார்?

1952இல் ஜெனரல் டெம்ப்ளர் வேறொரு முறையைக் கையாண்டார். தஞ்சோங் மாலிமில் அரிசிப் பங்கைக் குறைத்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, வீடுதோறும் வினாத்தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டியதில்லை. விடைகள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூர் சென்றன. மக்களின் கருத்தறியும் முறை என இதைப் போற்றுவோர் உளர். பசித்த வயிற்றிடம் கேட்ட கேள்வி என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1957இல் விடுதலை பெற்றதும் துங்கு அப்துல் ரகுமான், சரணடைவோர்மீது வழக்கில்லை என்று தெளிவாக அறிவித்தார். 1958 ஏப்ரலில் போராளிகளின் தென்பகுதித் தலைவர் ஹோர் லுங், பாலோவின் அண்டை மாவட்டமான சிகாமட்டில் சரணடைந்தார். பெருந்தொகை வெகுமதியும் இதில் பங்கு பெற்றது என்பதை மறைப்பதற்கில்லை. அவர் வாயிலாக ஏறத்தாழ 160 பேர் வெளிவந்தனர். ஆகஸ்டு வரை இது வெளியிடப்படவில்லை. கோடிக்கணக்கில் தாள் வீசிய அரசு, தன் பெருவெற்றியை நான்கு மாதம் வாய்திறவாமல் காத்தது. ஒரு தாள் முன்கூட்டி விழுந்திருந்தாலும் எஞ்சியோர் காட்டுக்குள் மறைந்திருப்பர்.