சீனப் பெண்டிர் நீளங்கி: பெயரும் பிறப்பும்

சீனப் பெண்டிர் விழாக்களில் அணியும் உடலொட்டிய நீளங்கிக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. வடசீன மொழியில் அது 'சிப்பாவ்'. கண்டோனிய மொழியில் 'சியோங்சாம்'. முன்னதற்குக் 'கொடியங்கி' என்றும், பின்னதற்கு 'நீளாடை' என்றும் பொருள். ஒரு பொருட்கு இரு பெயர் அமைதல் எம்மொழியினும் உண்டு. ஆயின், இவை இருவேறு பிறப்பு வரலாறுகளைச் சுட்டுதலின் ஆராய்ச்சிக்குரியன ஆகின்றன.

'கொடி' என்பது ஈண்டு மஞ்சு மக்களின் எண்கொடிப் படையமைப்பைக் குறிக்கும். 1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் மரபினர் மஞ்சு இனத்தவர். அவ்வமைப்பைச் சார்ந்த குடிமகளிர் ஒற்றை நீளங்கி அணிந்தனர். ஹான் மகளிரோ மேற்சட்டையும் பாவாடையும், அல்லது காற்சட்டையும், என இரு கூறாக உடுத்தினர். பெயரைச் சான்றாக்கி, இக்கால அங்கி மஞ்சு அங்கியின் வழித்தோன்றலே என்பார் பலர். 2003-க்குப் பின் பரவிய ஹான் உடை மீட்பியக்கத்தாருள் ஒரு சாரார் இதனை அயலார் உடையென விலக்குவதும் இக்கொள்கை பற்றியே.

பெயரொன்றே பற்றி இவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்துமா? எழுத்தாளர் ஐலீன் சாங் அம்மையார் 1943-இல் வெளியிட்ட கட்டுரை வேறு விளக்கம் தருகின்றது. 1921-இல் மகளிர் நீளங்கியை மேற்கொண்டது வீழ்ந்த அரசின்பாற் கொண்ட பற்றினால் அன்று, ஆடவரை ஒத்தல் வேண்டும் என்னும் விழைவினால் என்பது அவர் கருத்து. இரு கூறாக உடுத்தல் பெண்மையின் அடையாளமாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஒற்றை நீளங்கியோ கற்ற ஆடவர்க்குரியது. கண்டோனியப் பெயர் இதற்கு அரண் செய்கின்றது. அச்சொல்லின் வடசீன வடிவமாகிய 'சாங்ஷான்' இன்றும் ஆடவர் நீளங்கியையே குறிக்கும். தொடக்ககால அங்கி அகன்று உடல் வடிவை மறைத்தது என்பதையும் சிலர் காட்டுவர். மஞ்சு அங்கியும் அத்தகையதே ஆதலின் அதனை யாம் சான்றாகக் கொள்ளேம்.

ஆடவர் நீளங்கியும் சிங் காலத்ததே. ஆகவே வெட்டுமுறையில் மஞ்சுக் கடன் உண்டு. ஆயினும், உடுத்தியோர் அதனை ஏற்ற காரணத்தை ஐலீன் சாங்கே சரியாகக் கண்டார் என்பது எம் துணிபு.

1929-இல் தேசிய அரசு இதனை மகளிர் முறைசார் உடைகளுள் ஒன்றாக்கிற்று. 1930-களில் ஷாங்காய் நகரில் அங்கி உடலோடு ஒட்டலாயிற்று; விளிம்பு தரைவரை தாழ்ந்தும் மீண்டும் உயர்ந்தும் மாறிற்று. ஆடவரை ஒக்க அணிந்த உடை பெண்ணுடலின் வடிவைக் காட்டும் உடையாயிற்று! 1949-ஐ ஒட்டி ஷாங்காய்த் தையற்காரர் பலர் ஹாங்காங் சென்றனர். அங்கு மேல்நாட்டுத் தையலும் ஜிப்பும் இடம்பெற்றன. சீனப் பெருநிலத்திலோ, 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி இதனை முதலாளிய உடையெனப் பழித்தது. 2021-இல் சீன நாட்டின் மரபுரிமைப் பட்டியலில் ஹாங்காங் தையற்கலை சேர்ந்தபோது, கொடியங்கி என்னாது நீளாடை என்னும் பெயரே பதிவாயிற்று.