அரையாண்டு லீவு, ஊட்டி ட்ரிப்... குளிரை விரட்டுறேன்னு இந்தத் தப்பைச் செய்யாதீங்க!

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “லீவுக்கு எங்கே போறோம்?” என்பதுதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பின்னாலேயே பொங்கல் என்று விடுமுறைகள் வரிசைகட்டி நிற்கும் நேரம் இது. வெயிலிலேயே வளர்ந்த நமக்குக் குளிர் என்றாலே கொண்டாட்டம். அதனால் வண்டி நேராக ஊட்டிக்கோ, கொடைக்கானலுக்கோ, ஏற்காட்டுக்கோதான் திரும்பும்.

ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைத்துவிடுவோம். அதெல்லாம் சரி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும். காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி படர்ந்திருக்கும். அந்தக் குளிரைக்கூட நல்ல கம்பளியும் நாலு சுவரும் இருந்தால் சமாளித்துவிடலாம். குளிரை விரட்டுவதாக நினைத்து நாம் செய்யும் சில காரியங்கள்தான் உயிருக்கே உலை வைக்கின்றன. அவற்றில் முதல் இடம், அறைக்குள் வைக்கும் கரி அடுப்புக்கு.

ரூமுக்குள் கரி அடுப்பு... வேண்டவே வேண்டாம்!

வழக்கமாக இது இப்படித்தான் தொடங்கும். மாலையில் காட்டேஜ் வாசலில் பார்பிக்யூ போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் குளிர் ஏறும். “தீதான் அணைஞ்சிடுச்சே, கங்கு மட்டும்தானே இருக்கு. உள்ளே வச்சா ராத்திரி கதகதப்பா இருக்கும்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். அடுப்பு உள்ளே வரும். குளிர்காற்று வராமலிருக்க ஜன்னலும் கதவும் இறுக மூடப்படும். எல்லோரும் தூங்கிப்போவார்கள். காலையில் சிலர் எழுந்திருப்பதே இல்லை. மலைப்பகுதிகளிலிருந்து இப்படியான செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காரணம், கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, கேஸ் என எது எரிந்தாலும், போதுமான காற்று கிடைக்காதபோது இந்த வாயு உருவாகும். இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. புகை வந்தால் இருமிக்கொண்டு எழுந்து ஓடுவோம். புகையே இல்லாமல் செக்கச்செவேலென்று கனியும் கங்குதான் நம்மை ஏமாற்றிவிடும்.

நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனை உடல் முழுவதும் கொண்டுபோகும் வண்டி. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் இடமே இல்லையென்றால் ஆக்சிஜன் எப்படி ஏறும்? மூச்சு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனுக்குத் தவிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது.

“ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதாதா?” என்று கேட்கலாம். எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. டென்ட்டுக்கும் இதே கதைதான். கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, கணப்பு எல்லாம் வெட்டவெளியோடு நிற்கட்டும். குளிர் தாங்கவில்லையா? கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள். மூடி இறுக்கமான பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால், திரைச்சீலை, படுக்கை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

பாத்ரூமில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இதே வாயு இன்னோர் இடத்திலும் வரும். அது கேஸ் கீசர். சில வீடுகளிலும் லாட்ஜ்களிலும் கீசரைக் குளியலறைக்குள்ளேயே பொருத்தியிருப்பார்கள். அறை சின்னது. குளிருக்காக வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். உள்ளே பத்து, பதினைந்து நிமிடம் நின்று குளிப்பவர் மயங்கி விழுந்தால், தாழ்ப்பாளை உடைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அறை எடுத்ததும் குளியலறையை ஒருமுறை எட்டிப்பாருங்கள். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் வேறு அறை கேளுங்கள். வழியே இல்லையென்றால், வெந்நீரைப் பக்கெட்டில் வாங்கிக் குளிப்பது உத்தமம். வாட்டர் ஹீட்டர் ராடு பயன்படுத்துபவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்க

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம். பார்த்தால் ஃப்ளூ போலவே இருக்கும். “மலையேறி வந்தது ஒத்துக்கலை போல” என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். ஆனால், ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில், காய்ச்சல் இல்லாமல் தலைவலி வந்தால் உஷாராகிவிடுங்கள். வெளியே வந்தால் குறைந்து, உள்ளே போனால் கூடுகிறதென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உடனே செய்ய வேண்டியவை:

* எல்லோரையும் அறையைவிட்டு வெளியே, திறந்தவெளிக்குக் கொண்டுவாருங்கள். பெட்டி, பை எதற்காகவும் உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

* 108-ஐ அழையுங்கள். “ரூமுக்குள்ள கரி அடுப்பு இருந்துச்சு” என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் திசையையே மாற்றும்.

* பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய கருவி பல வீடுகளில் இருக்கிறது. ஆனால், அதனால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்தறிய முடியாது. உயிர் ஊசலாடும்போதுகூட 98, 99 என்று காட்டலாம்.

* கர்ப்பிணிகள், லேசான தலைவலிதான் என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தையை இந்த வாயு இன்னும் மோசமாகப் பாதிக்கும்.

“ஒரு பெக் போட்டா குளிர் தெரியாது!”

குளிர் ‘தெரியாது’ என்பது உண்மைதான். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் விரியும். சூடான ரத்தம் மேலே வருவதால் உடம்பு கதகதப்பதுபோல இருக்கும். அந்தச் சூடு நம் உடலின் உள்ளிருந்து வந்தது. தோல் வழியாக அது வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். குடித்துவிட்டுப் பனியில் வெளியே படுப்பது அதனால்தான் ஆபத்து. புத்தாண்டு இரவில் வண்டி ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே சட்டப்படி குற்றம். சாவியைக் குடிக்காதவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி டிரைவிங்... தூக்கமா, துக்கமா?

ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் காலையில் மலையடிவாரம் என்பது நம் ஊர்க் கணக்கு. ஒருநாள் லீவு மிச்சம்தான். ஆனால், அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்தைத் தேடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 4 விநாடி கண் அசந்தால், கார் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் ஓட்டுநரே இல்லாமல் ஓடும். ஜன்னலை இறக்கிவிடுவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். டீக்கடையில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் 20 நிமிடம் தூங்குங்கள். எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். விடிந்தபின் கிளம்புவது இன்னும் நல்லது.

மலைப்பாதையில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் தேவை. ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. கருகல் வாசனை வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். லோ பீம்தான் சரி.

தாத்தா, பாட்டியும் வர்றாங்களா?

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடும். அதனால் பிரஷர், இதய மாத்திரைகளை ஒருநாள்கூட விடக் கூடாது. “வழியில பாத்ரூம் தேடணுமே” என்று நீர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் பெரியவர்கள் நிறைய பேர். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கிங் போவதை வெயில் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால், “கேஸ்தான்” என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால், தண்ணீர் குடிக்க நாம்தான் நினைவுபடுத்த வேண்டும்.

வீசிங் உள்ள குழந்தைகளுக்கு இன்ஹேலர் கையோடு இருக்கட்டும். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. போன முறை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

பூட்டும் முன் ஐந்து நிமிடம்

கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். பிறகு தேங்கிய தண்ணீரைத் தேடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதாவது, சரியாக உங்கள் லீவு நாள்கள்! மாடியிலிருக்கும் பக்கெட், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புற டிரே என எல்லாவற்றையும் காலி செய்யுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். அறை புக் செய்ய போன் போடும்போது வைஃபை இருக்கிறதா என்று கேட்போம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். “கீசர் கேஸா, கரன்ட்டா?”, “எக்ஸ்ட்ரா கம்பளி கிடைக்குமா?” பதில் திருப்தியாக இருந்தால் மூட்டையைக் கட்டலாம்.